பச்சை முழங்கால்

அவர் வருவதற்கு முன்பே அவருடைய முழங்கால் வந்துவிடும். கதை விடவில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்போம். மேட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பினால் போதும், விளக்கெண்ணெயும் புல்தைலமும் பூண்டும் ஊமத்தை இலையும் கலந்த ஒரு நெடி மூக்கைப் பிடித்து ஆட்டும். "அண்ணாச்சி ஃபேக்டரியத் தாண்டிட்டாரு" என்று யாராவது சொல்வார்கள். கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதற்கும் அவர் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவரும் நானும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நீளமாக ஒரு லயம், அதைப் பன்னிரண்டாகத் தடுத்து ஆளுக்கொரு அறை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. துரைக்குக் கல் போதவில்லையோ மனசு போதவில்லையோ, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அந்த ஒரு முழத்து வழியாக அவர் வீட்டுக் குழம்பு, சண்டை, குறட்டை, எண்ணெய் நெடி எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அதனால் அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஃபேக்டரியில் இலை உருட்டும் மிஷினில் எனக்கு வேலை. என் வாய்க்கும் அந்த மிஷினுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உள்ளே எது போனாலும் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும். காலையில் ஒருத்தர் என்னிடம் ரகசியம் என்று சொன்னால் மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் அது பங்களா சமையல்காரர் வரைக்கும் போயிருக்கும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அமைப்பு அப்படி.

அப்போது மலைக்கு மோட்டார் ரோடு வரவில்லை. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போடியிலிருந்து போடிமெட்டு வழியாகக் கழுதை முதுகிலும் மனிதர் தலையிலும்தான் ஏறிவரும். அவர் அந்தத் தலைச்சுமைக்காரர்களில் ஒருவர். இரண்டு பேர் தூக்கிவிட்டால், மூட்டையை இடது கையால் ஒரு பிடி பிடித்துக்கொண்டு, வெறும் மேலோடு, வெற்றிலையைக் குதப்பியபடி ஏறி வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேச்சில் 'லே' போடாமல் அவருக்கு மூச்சே விட வராது. எஸ்டேட் கணக்கில் அவர் சுமைக்காரர். எங்கள் கணக்கில் அவர் சிலம்பக்காரர். மாரியம்மன் கோயில் முன்னால் அவர் கம்பைக் கையில் எடுத்தால், சாமியாடுகிற பூசாரிகூட ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

அந்த எண்ணெயை அவரே காய்ச்சுவார். என்னென்ன போடுவார் என்று கேட்டால், "ஒன் வாயத் தவிர எல்லாம் போடுதேன்" என்பார். கொதிக்கும்போது நாய்கள் லயத்தைவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடும். பார்க்க நல்ல பாசிப் பச்சை. தோலில் பூசினால் அந்தப் பச்சை ஒரு வாரத்துக்குப் போகாது, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சனிக்கிழமை சாயங்காலம் லயத்து வாசலில் வலது காலை நீட்டிக்கொண்டு உட்காருவார். மதினி, அதாவது அவர் வீட்டுக்காரி, சூடு பறக்க முழங்காலில் தேய்ப்பார். அவர் போடுகிற சத்தம் இருக்கிறதே, பக்கத்து எஸ்டேட்டுக்காரன் யாருக்கோ பிரசவம் என்று நினைத்துக்கொள்வான். "ஏ யம்மா, ஏ தாயி, உசுரு போவுதே" என்று தொடங்கி முருகன் பெயர் அத்தனையும் சொல்லி முடிப்பார். மதினி மட்டும், முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டாதவர் மாதிரி, பாட்டுக்கு உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்பார்.

அடிபட்டவன் எவன் வந்தாலும் அந்த எண்ணெய் உண்டு. கம்பு பழகுகிறபோது மணிக்கட்டில் வாங்கினவன், கணுக்கால் பிசகினவன், விரல் மொளியில் அடிபட்டுக் கரண்டி பிடிக்க முடியாதவன், எல்லாரும் அவர் வாசலில்தான். "எங்க வலிக்கி?" என்று ஒரு நாளும் கேட்கமாட்டார். வந்தவனை உட்காரவைத்து ஊர்க்கதை பேசுவார். பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று இடது கைக் கட்டைவிரலால் ஓர் இடத்தில் குத்துவார். வந்தவன் எகிறுவான். அந்த இடம்தான்.

ஒரு தரம் நான் போனேன். இடுப்பில் பிடிப்பு என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குப்புறப் படுலே."

"இடுப்புதான் அண்ணாச்சி."

"இடுப்பு இடுப்புன்னு அதையே தொட்டுத் தொட்டுக் காட்டுத. நோவு இருக்குத எடத்துக்கு ஒருத்தனுக்கும் கண்ணு போவாது. வெக்கப்பட்டு வேற எங்கயாச்சும்தான் பாப்பான். நீ வந்ததுலருந்து ஒக்காரவே இல்லையே. வேட்டிய எறக்கு."

சங்கதி என்னவென்றால், முந்தின நாள் கம்பு ஆட்டத்தில் திரும்பி ஓடும்போது பின்புறத்தில் சரியான இடத்தில் ஒரு அடி விழுந்திருந்தது. மூன்று பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, எனக்குப் பச்சை எண்ணெய் பூசப்பட்டது. ஒரு வாரத்துக்கு நான் உட்கார்ந்து எழுந்த பலகையெல்லாம் பச்சை.

எங்கள் எஸ்டேட்டில் எல்லாரும் பயப்படுகிற ஒரு நாள் உண்டு. மழைக்கு முன்னால் கம்பவுண்டர் ஆள் பார்க்கிற நாள். ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்கவேண்டும். கையிலோ காலிலோ கோளாறு என்று அவர் சீட்டில் எழுதிவிட்டால் செக்ரோலில், அதாவது ஆள்கணக்குப் புத்தகத்தில், பேரை வெட்டிவிடுவார்கள். பேரை வெட்டினால் வீடும் போச்சு. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சட்டி பானையோடு மலை இறங்க வேண்டும். செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி பட்டு இரண்டு விரல் போன ஒருவர், பெண்டாட்டியோடும் ஒரு கோழிக்கூண்டோடும் இறங்கிப் போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அண்ணாச்சிக்கோ, கீழே ஊரில் நிற்க நிழல் கிடையாது. பங்காளிச் சண்டையில் எல்லாம் போய், மதினியையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு மலையேறினவர். அந்தப் பத்தடி அறைதான் அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே கூரை.

கம்பவுண்டர் தொடுபுழைப் பக்கத்து மலையாளி. மூக்கு கொஞ்சம் நீளம். அண்ணாச்சி முன்னால் வந்ததும் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, நேராகப் பச்சை முழங்காலுக்குத்தான் குனிவார்.

"காலு நீட்டெடோ. மடக்கு. வேதனை உண்டோ?"

"இல்ல சாமி."

"பின்னெ எந்தினாடோ இந்த நாற்றம்?"

"வாசனைக்குப் பூசுதேன் சாமி."

கம்பவுண்டர் அந்தக் காலை மடக்குவார், நீட்டுவார், தட்டுவார். கால் தேக்கு மரமாக நிற்கும். ஒரு கோளாறும் கிடைக்காது. அதற்குள் நெடி தாங்காமல் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "போ, போ, சரி" என்று எழுதித் தள்ளிவிடுவார். வருஷா வருஷம் இதே கூத்து. மற்றவர்களைத் தலையிலிருந்து கால்வரை பார்க்கிற மனிதர், இவரை முழங்காலைத் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை.

துரைக்கு சலாம் வைத்த கதையையும் சொல்ல வேண்டும். துரை குதிரையில் போனால் பாதையோரம் ஒதுங்கி நின்று வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சலாம் வைக்க வேண்டும். ஒரு நாள் நாங்கள் பத்துப் பேர் நிற்கிறோம். ஒன்பது வலது கை மேலே போனது. ஓர் இடது கையும் போனது. குதிரை நின்றது. பின்னால் ஓடிவந்த கங்காணிக்கு முகம் செம்பருத்தியானது.

"எந்தக் கையில சலாம் வைக்கிற? திமிராடா?" என்று கத்தினான்.

அண்ணாச்சி அசையவில்லை. "வலது கைய மாரியாத்தாளுக்கு நேந்து விட்டிருக்கேன். ஆத்தாளுக்குத் தவிர வேற யாருக்கும் அது நெஞ்சுக்கு மேல போவாது. தொரைக்கு வேணும்னா வாங்கித் தாரும், ஆத்தாகிட்ட நீரே கேட்டுச் சொல்லும்" என்றார்.

கங்காணி இதைத் துரைக்குத் தன் இங்கிலீஷில் சொன்னான். என்ன சொன்னானோ, சாமி விஷயம் என்று துரைக்கு விளங்கிவிட்டது. கூலிகளின் சாமி விஷயத்தில் கைவைத்தால் மறுநாள் இலை எடுக்க ஆள் வராது என்பதும் அவருக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டுக் குதிரையைத் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. துரைக்கே இடது கையைக் காட்டின ஆண்பிள்ளை என்று அன்றைக்கே நான்கு எஸ்டேட்டுக்குச் செய்தி பரப்பினேன். மூன்றாவது எஸ்டேட்டில் அது இடது கையாக இல்லாமல் இடது காலாகவே ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை.

அவர் ஆட்டம் ஒரு தனி ஆட்டம். மதுரைப் பக்கத்து சிலம்பக்காரர்கள் தலைக்கு மேலே கம்பைச் சுழற்றுவார்கள். காற்று கிழியும், சீட்டி அடிப்பார்கள். இவர் கம்பு நெஞ்சுக்கு மேல் போகாது. இடுப்பை ஒட்டி, முட்டியை ஒட்டி, புல் அறுக்கிற மாதிரி கீழேயே சுற்றும். "மேல வீசுதவன் வேடிக்கைக்கு வீசுதான். கீழ வீசுதவன்தாம்லே வேலைய முடிப்பான்" என்பார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் தாழ்ந்து ஆடத் தொடங்கினார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டது. இரண்டு வருஷத்தில் அதற்கு 'மலை வரிசை' என்று ஒரு பெயரும் வந்துவிட்டது. கம்பு தவறி நெஞ்சுக்கு மேலே போனால், ஏதோ கோயிலுக்குள் செருப்போடு போய்விட்ட மாதிரி நாக்கைக் கடித்துக்கொள்வோம்.

கங்காணிக்கு ஒரு மச்சினன் இருந்தான். கல்யாணமாகி மூன்று மாதமாக கங்காணி வீட்டிலேயே தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வேலையும் ஒரு அறையும் வேண்டும். எந்த அறை காலியாகும் என்று கங்காணி லயம் லயமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் பச்சை முழங்காலில் வந்து நின்றான். "எண்ணெய் இல்லாம ஒரு நாள் இருக்கானா அவன்? கால்ல என்னமோ இருக்கு. அந்தக் கம்பவுண்டர் குருடன். மாரியம்மன் கோயில் திருவிழாவுல துரை முன்னாடி நொண்ட வைக்கிறேன் பாரு. நொண்டுறவனுக்கு ரூம் எதுக்கு?" என்று ஃபேக்டரியில் எங்கள் காதுபடவே சொன்னான். சொன்னதோடு நிற்காமல், போடியிலிருந்து ஒரு சிலம்பக்காரனுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டான்.

அந்தப் போடிக்காரன் பெயரைக் கேட்டாலே எங்கள் ஆட்கள் கம்பைக் கீழே வைத்துவிடுவார்கள். தலைவீச்சில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. உச்சந்தலைக்கு மேலே கம்பு எழும்பும். தடுக்கக் கம்பைத் தூக்கினால் தூக்கின கையோடு ஆள் உட்கார்ந்துவிடுவான். நான் இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மெதுவாக மென்றார். அவர் முகத்தில் நான் பயம் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஒன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லுதேன். நெஞ்சுக்குள்ள வச்சுக்க. வலது கால்ல எண்ணெய் பூசுதேன்லா? நோவு அதுல இல்ல. இடது கால்ல. எதிராளி பச்சையப் பாத்து வலது காலுக்கே அடிப்பான், நான் இடது காலக் காப்பாத்திக்கிடுவேன். இத்தன வருஷமா இப்படித்தாம்லே ஓட்டுதேன். இது வெளிய போச்சுன்னா எனக்கு வீடு இல்ல, பாத்துக்க."

நான் மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். நான்காம் நாள் போடிக்காரன் வந்து சேர்ந்தான். எங்கள் கம்பம் ஊர்ப் பக்கத்துச் சொந்தத்தில் ஏதோ சுற்றிவளைத்து எனக்கு மாமன் முறை வந்துவிட்டது. வெற்றிலை கொடுத்தான். "மாப்ளே, அந்தாளு எண்ணெயப் பூசிக்கிட்டுத் திரியிறாராமே, வலது முட்டி முடியாதோ?" என்று கேட்டான்.

"அட போங்க மாமா, அதுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இடது கால் விஷயம் முழுவதும் சொல்லி, எத்தனை வருஷம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் வாயை மூடினேன். அவன் போன பிறகு அந்த வெற்றிலை வாயில் கசந்தது. ஒரு கட்டு வெற்றிலைக்குக்கூட இல்லை, ஒரே ஒரு சுருள் வெற்றிலைக்கு ஒரு குடும்பத்தின் வீட்டைக் கொடுத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் அவர் வாசல்வரை போனேன். ஊரெல்லாம் பேசுகிற வாய் அங்கே போனதும் ஒட்டிக்கொண்டது.

திருவிழாவன்று காலை பதினோரு மணிக்கு ஆட்டம். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கங்காணி பக்கத்தில் நின்றான். கம்பு நுனியில் துணி சுற்றிக் கரி தடவியிருந்தார்கள். எதிராளி உடம்பில் மூன்று கரி வைத்தவன் ஜெயித்தவன், பூசாரி எண்ணுவார். அண்ணாச்சியின் வலது முழங்கால் பளபளவென்று பச்சையாக இருந்தது. நான் கூட்டத்தின் பின்னால் நின்று, ஆத்தா, அவர் இடது காலைக் காப்பாற்று, என் நாக்கை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

போடிக்காரன் முதல் அடியிலேயே குனிந்தான். இடது முழங்காலுக்குத்தான் வீசினான். அண்ணாச்சி ஒதுங்கினார். மறுபடியும் இடது முழங்கால். மறுபடியும். உச்சந்தலைக்கு மேலே எழும்புகிற அந்தக் கம்பு, அன்றைக்கு ஒரு தடவைகூட எழும்பவில்லை. குனிந்து ஆடிப் பழக்கமில்லாதவன் குனிந்துகொண்டே இருந்தால் என்னவாகும்? அண்ணாச்சியோ பிறந்ததிலிருந்து குனிந்தே ஆடுகிற மாதிரி ஆடுகிறவர். போடிக்காரன் இடுப்பில் ஒரு கரி விழுந்தது. தொடையில் ஒன்று. அவன் ஆத்திரத்தில் இன்னும் குனிந்தபோது முதுகில் மூன்றாவது. பூசாரி கையைத் தூக்கிவிட்டார்.

லயமே கத்தியது. அண்ணாச்சி கம்பைக் கீழே போட்டார். கங்காணியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வலது காலைத் தூக்கிக்கொண்டு இடது காலாலேயே தத்தித் தத்தி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். துரை கைதட்டினார். கங்காணியும் வேறு வழியில்லாமல் தட்டினான்.

நான் கோயிலுக்குப் பின்னால் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, நான் பாவி. அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்லே. நீ சொல்லுவேன்னு தெரிஞ்சுதானே ஒன்கிட்டச் சொன்னேன்" என்றார். "மூணு நாளாச்சே, இன்னும் சொல்லலையே, பய திருந்திட்டானோன்னு எனக்கு ஒரே கவலை."

அவமானமா சந்தோஷமா என்று தெரியாமல் நானும் சிரித்தேன். அப்படியானால் இடது காலில் நோவு இல்லை. பச்சை பூசின வலது காலில்தான் உண்மையாகவே நோவு இருக்கிறது, எல்லாரையும் ஏமாற்ற என்னைப் பயன்படுத்திக்கொண்டார் என்று முடிவு கட்டினேன். என் முடிவை வழக்கம்போல ஊருக்கும் சொன்னேன்.

அதன் பிறகும் நெடுநாள் அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தார். கங்காணியின் மச்சினன் வேறு எஸ்டேட் பார்த்துப் போனான். அண்ணாச்சியின் மகளுக்குக் கல்யாணமானது. மருமகன் போடியில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தார். மெட்டுவரை ரோடு போட்டு லாரி வரத் தொடங்கியதும் தலைச்சுமைக்கு வேலை குறைந்தது. மகள் வந்து வந்து கூப்பிட்டாள். ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி தானே ஆபீசுக்குப் போய், "எம் பேர வெட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அங்கே அப்படிக் கேட்டுப் பேர் வெட்டிக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை நல்ல வெயில். மூட்டை முடிச்சு கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். "எலே, இங்க வா" என்று கூப்பிட்டார். மேலுக்குத் துண்டுகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மதினி எண்ணெய்ச் சட்டியை என் கையில் கொடுத்தார். கடைசித் தடவை, என் கையால் பூசட்டும் என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். பழக்கதோஷத்தில் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"அங்க இல்ல" என்றார் மதினி.

இடது காலுக்குத் திரும்பினேன்.

"அங்கயும் இல்ல. இவுக வலது தோள்ல வைங்க."

கையை வைத்தேன். தோள் எலும்பு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் ஒரு புடைப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் வெறும் மேலோடு பார்த்த தோள்தான், என் கண் அந்தப் பச்சை முழங்காலைத் தாண்டி மேலே போனதே இல்லை. அவர் வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சு மட்டத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடை போகவில்லை. எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். சனிக்கிழமை தோறும் லயம் அதிரப் போடுவாரே, அந்தச் சத்தம் எதுவும் வரவில்லை. பல்லுக்குள்ளே சின்னதாக ஒரு முனகல், அவ்வளவுதான். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உண்மையான நோவின் சத்தத்தை அவரிடமிருந்து நான் கேட்டது அன்றுதான்.

துரைக்கு வைத்த இடது கை சலாம் என் முன்னால் வந்து நின்றது. நெஞ்சுக்கு மேலே போகாத கம்பு வந்தது. தலைவீச்சுக்காரன் வருகிறான் என்றபோது அவர் முகத்தில் வந்த பயம் வந்தது. அவன் ஒரே ஒரு தடவை மேலே வீசியிருந்தால் போதும், அவரால் தடுக்க முடிந்திருக்காது.

"யார்கிட்ட வாங்கின அடி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் வேறு பக்கம் பார்த்தார். மதினிதான் சொன்னார். "கழுத. இங்க வந்த மொத மாசம், பொதி கட்டக் குனிஞ்சாக. அது ஒதைச்சு எறிஞ்சுட்டு."

"சிலம்பத்துல பட்டதுன்னா பெருமையாச் சொல்லிருப்பேன்லே" என்றார் அண்ணாச்சி. "கழுத ஒதைச்சதுன்னு எந்த வாயால சொல்ல?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு கேட்டேன், "ஊருக்குத் தெரியக் கூடாது, சரி. பச்சை தெரியும்னு அந்த எண்ணெயப் பூசல, அதுவும் சரி. வீட்டுக்குள்ள வச்சு சும்மா விளக்கெண்ணெயாவது தேய்ச்சிருக்கலாமே? இத்தனை வருஷமா இப்படியா வச்சிருப்பீங்க?"

மதினி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தேச்சேன். மொதத் தடவ தேச்சப்ப வலி பொறுக்காம 'தோளு, தோளு'ன்னு கத்திட்டாக. சொவருக்கு அந்தப் பக்கம் நீங்கல்லா இருந்தீக. விடிஞ்சதும் தண்ணிக் கொழாய்ல நின்னு, 'அண்ணாச்சிக்குத் தோள்ல என்னமோ போல'ன்னு சொல்லிட்டிருந்தீக. இவுக கேட்டுட்டு வந்தாக. வந்ததும் எண்ணெயக் காய்ச்சி முழங்கால் பூராப் பூசி, வாசல்ல ஒக்காந்து கத்தத் தொடங்கினாக. அன்னையிலருந்து தோள்ல ஒரு சொட்டு விடல."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எத்தனையோ சொல்லியிருக்கிறேன், அதில் ஒன்று. ஒரு முழம் திறந்த சுவரும் என் ஒரு வாயும் சேர்ந்து, இவ்வளவு காலம் ஒரு மனிதனைக் கையைத் தூக்க விடாமல் வைத்திருந்திருக்கிறோம். தேய்த்தேன். வெயில் உச்சிக்கு வரும்வரை தேய்த்தேன். தோள் முழுக்க நல்ல பச்சையாகிவிட்டது.

"போதும்லே. தோலு உரிஞ்சிரும்" என்று எழுந்தார். "இப்பந்தான் பேர வெட்டியாச்சே. இனிமே யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு. சொல்லலன்னா ஒனக்குச் சோறு எறங்காது."

மெட்டுவரை மூட்டை சுமந்துபோய் லாரியில் ஏற்றிவிட்டேன். லாரி திரும்புகிற வளைவில் அவர் வலது கையைத் தூக்கப் பார்த்தார். நெஞ்சுவரைக்கும்தான் வந்தது. சிரித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினார். நானும் இடது கையைத் தூக்கினேன்.

நான் திரும்பி வந்தபோது கோயில் முன்னால் ஆட்கள் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். இருபது பேர். எல்லாருடைய கம்பும் நெஞ்சுக்குக் கீழே, புல் அறுக்கிற மாதிரி, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. புதிதாக மலையேறி வந்த ஒருவன் மட்டும் தலைக்கு மேலே வீசினான். மற்றவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

அவன் என்னிடம் வந்தான். "ஏண்ணே, கம்பு நெஞ்சுக்கு மேல போகக் கூடாதுங்கறாய்ங்களே, அது எதுக்கு?" என்று கேட்டான்.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். எப்படியும் ஏதாவது புதுச் செய்தி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். என் கையில் பச்சை இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"மலை வரிசைப்பா" என்றேன். "மேல போகப்படாது."

அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.